அரை மீட்டர் கம்பி: ஹொனலுலு சூரைப் படகுகளில் சுறாப் பிடிப்பு குறைந்த விதம்

ஹவாய் தீவுகளின் ஹொனலுலு துறைமுகத்திலிருந்து பெருங்கண் சூரைக்குப் போகும் படகு ஒரு நாளைக்குக் கடலில் விடும் முட்கள் ஏறக்குறைய 2,700. நம் பக்கம் ஆயிரங்கால் தூண்டில் என்கிறோமே, அதன் பெரிய வடிவம் இது. 2021 வரை அங்கே ஒவ்வொரு முள்ளுக்கும் மேலே அரை மீட்டர், முக்கால் மீட்டர் நீளத்துக்கு முறுக்கிய எஃகுக் கம்பி இருந்தது. அரை மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு படகில் 1,350 மீட்டர் கம்பி. அதை எடுத்துவிட்டுத் தங்கூஸ் நரம்பை, அதாவது ஒற்றை இழை நைலானை, போட்டார்கள். சூரை வரத்து குறையவில்லை. படகின் ஓரம்வரை வந்து சேரும் சுறாக்களின் அளவு ஏறத்தாழ 41 விழுக்காடு இறங்கியது.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. சுறாவின் பல் நைலானை அறுக்கும், கம்பியை அறுக்காது என்பது கடலுக்குப் போகும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படியானால் ஏன் இத்தனை ஆண்டு கம்பி இருந்தது, எடுத்தபோது எது இடித்தது, 41 விழுக்காடு என்ற எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பவைதான் இங்கே பார்க்க வேண்டியவை.

தூண்டிலின் அமைப்பு

தாய்க்கயிறு ஒற்றை இழை நைலான். ஒரு முறை விட்டால் 50 கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். அதை மிதவைகள் தாங்குகின்றன. இரண்டு மிதவைகளுக்கு நடுவே 20 முதல் 30 கிளைக்கயிறுகள் தொங்கும். ஆழத் தூண்டில் என்று கணக்கில் வர வேண்டுமானால் குறைந்தது 15 கிளைக்கயிறு இருக்க வேண்டும், மிதவையைத் தாய்க்கயிற்றோடு இணைக்கும் கயிறு 20 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது அங்குள்ள விதி. படகு ஓடும் வேகத்தைவிட வேகமாகத் தாய்க்கயிற்றை வெளியே தள்ளும் இயந்திரம் பின்புறம் இருக்கும். அதனால் மிதவைகளுக்கு இடையே கயிறு தொட்டில்போலத் தொய்ந்து இறங்குகிறது. தொட்டிலின் அடியில் உள்ள முட்கள் 300, 400 மீட்டர் ஆழம்வரை போகும். மிதவையை ஒட்டிய முதல் ஒன்றிரண்டு முட்கள் 100 மீட்டருக்கும் மேலேயே நின்றுவிடும். இந்த மேல்முட்களைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிளைக்கயிற்றை மேலிருந்து கீழாகப் பார்த்தால்: தாய்க்கயிற்றில் மாட்டும் எஃகுக் கவ்வி, பிறகு பத்துப் பதினைந்து மீட்டர் நைலான், பிறகு 45 கிராம் ஈயம் பதித்த சுழலி, அதற்குக் கீழே லீடர் எனப்படும் கடைசித் துண்டு, கடைசியில் வட்ட முள். மாற்றம் நடந்தது லீடரில் மட்டும்.

ஈயம் அங்கே இருப்பது பறவைகளுக்காக. படகின் பின்னால் இரை மிதக்கும் சில நொடிகளில் ஆல்பட்ராஸ் பறவைகள் பாய்ந்து எடுத்து, முள்ளில் மாட்டி, கயிற்றோடு மூழ்கிச் செத்துக்கொண்டிருந்தன. இரை சட்டென்று ஆழத்துக்குப் போனால் பறவைக்கு எட்டாது. ஆகவே முள்ளிலிருந்து 1 மீட்டருக்குள் குறைந்தது 45 கிராம் எடை வைக்க வேண்டும் என்று விதி வந்தது. முள்ளின் வடிவமும் இன்னொரு உயிருக்காக வந்தது. சூரையைத் திருட வந்து மாட்டிக்கொள்ளும் பொய்க் கொலைத் திமிங்கலம், முள்ளை நிமிர்த்திவிட்டுத் தப்ப வேண்டும். அதற்காக 2013 முதல் முள்ளின் கம்பித் தடிமன் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, நைலான் கிளைக்கயிறும் லீடரும் 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றார்கள். இழுக்கும்போது முள்தான் முதலில் தோற்க வேண்டும், கயிறு அல்ல.

ஆக, அந்தக் கடைசி ஒரு மீட்டரில் ஏற்கெனவே பறவைக்காக ஒன்று, திமிங்கலத்துக்காக ஒன்று என்று இரண்டு விதிகள் குடியிருந்தன. சுறாவுக்கான மாற்றம் மூன்றாவதாக அதே இடத்துக்குள் நுழைந்தது.

கம்பி யாருக்காக இருந்தது

சுறாவைப் பிடிப்பதற்காகத்தான் கம்பி போட்டார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பது இயல்பு. ஹவாயில் ஒரு காலத்தில் அதுவும் உண்டு. 1998-ல் மட்டும் இந்தப் படகுகள் 60,000-க்கும் அதிகமான சுறாக்களை வைத்துக்கொண்டன. பெரும்பாலும் பீலிக்காக, அதாவது சுறாவின் துடுப்புக்காக. பீலியை அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் தள்ளும் பழக்கத்தை 2000-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுத்தது. 2010-ல் ஹவாய் மாநிலம் பீலியை வைத்திருப்பதையும் விற்பதையுமே தடை செய்தது. அதன் பிறகு ஹொனலுலு படகுக்குச் சுறா என்பது காசில்லாத வேலை: ஒரு முள்ளை அடைத்துக்கொள்ளும், இரையைத் தின்னும், இழுக்கும் நேரத்தைத் தின்னும், ஆளைக் கடிக்கும்.

அப்படியும் கம்பி போகவில்லை. காரணம் ஈயம். பத்துப் பதினைந்து மீட்டர் நைலானின் மறுமுனையில் கனத்த மீன் மாட்டி, படகின் ஓரத்தில் நிற்பவர் இழுக்கும்போது, நைலான் ரப்பர்போல நீண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் சுறா ஈயத்துக்குக் கீழே கடித்து அறுத்தால், 45 கிராம் ஈயம் கவண்கல்லாகத் திரும்பி வருகிறது. வரும் திசை, இழுப்பவரின் முகம். உலகின் பல தூண்டில் படகுகளில் கண் போயிருக்கிறது, மண்டை உடைந்திருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. ஈயத்துக்கும் முள்ளுக்கும் நடுவே கம்பி இருந்தால் அறுபடுவது அரிது. எனவே பறவையைக் காக்க வைத்த ஈயத்திலிருந்து ஆளைக் காக்கும் வேலையைக் கம்பி செய்துகொண்டிருந்தது. ‘கம்பியை எடு’ என்று சொன்னவர்களுக்குப் படகில் கிடைத்த முதல் எதிர்ப்பு இதுதான், அது நியாயமான எதிர்ப்பும்கூட.

எந்தச் சுறாவுக்காக

இந்தத் தூண்டிலில் அதிகம் மாட்டுவது நீலச்சுறா. ஆனால் மாற்றத்தைத் தள்ளியது அதுவல்ல, பெருங்கடல் வெண்முனைச் சுறா. அகன்று உருண்ட முதுகுத் துடுப்பு, அதன் நுனியில் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைத் திட்டு, படகு வலிக்கும் துடுப்பைப்போல நீண்ட பக்கத் துடுப்புகள். நிலம் தெரியாத கடலின் மேல் அடுக்கிலேயே திரியும். கடலில் புதிதாக எது மிதந்தாலும் வந்து முகர்ந்து பார்க்கும் குணம் அதற்கு. தூண்டில் கடலில் அந்தக் குணமே அதற்கு எமன். மேற்கு-மத்திய பசிபிக்கில் இதன் இனப்பெருக்கத் திரள், மீன்பிடிப்பே இல்லாதிருந்தால் இருக்க வேண்டிய அளவில் சுமார் 4 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது என்று 2019 மதிப்பீடு சொன்னது. அதற்கு முன்பே, 2018 ஜனவரியில், அமெரிக்கா இதை அழியும் ஆபத்துள்ள உயிரினச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்திருந்தது.

வைத்துக்கொள்ளத் தடை அதற்கும் முன்னாலேயே உண்டு. மேற்கு-மத்திய பசிபிக் மீன்வள ஆணையத்தின் தடை 2013 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆனால் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதி, மாட்டுவதை ஒரு முள்ளளவும் குறைப்பதில்லை. இறந்து வந்த சுறாவைக் கடலில் திருப்பிப் போடுவதில் சுறாவுக்கு ஒரு லாபமும் இல்லை. 2014-ல் ஆணையம் அடுத்த படிக்கு வந்தது: கம்பி லீடர், மிதவையிலேயே நேராகக் கட்டித் தொங்கவிடும் சுறாக்கயிறு ஆகிய இரண்டில் ஏதாவது ஒன்றை விட்டுவிடு என்றது. எதை விடுவது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். ஏற்கெனவே சுறாக்கயிறு போடாதவர்கள் ‘அதை விட்டுவிட்டோம்’ என்று எழுதிக் கொடுத்துக் கம்பியை வைத்துக்கொண்டார்கள். விதி எழுதுபவர்கள் இப்படி ஓர் ‘அல்லது’ போட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஆஸ்திரேலியா இதில் முன்னோடி. அதன் கிழக்குக் கரைச் சூரைப் படகுகளில் 2005-லேயே கம்பி தடையானது. ஒரே தூண்டிலில் கம்பியையும் நைலானையும் கலந்து போட்டு ஒப்பிட்ட அங்குள்ள பெரிய ஆய்வு 2008-ல் வெளியானது. நைலானில் சுறா குறைவு, பெருங்கண் சூரையோ கூடுதல். கம்பி சூரையின் கண்ணுக்குப் படுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். அறுந்து போகும் நைலானுக்கும் முள்ளுக்கும் ஆகும் செலவைச் சூரையின் கூடுதல் வரத்து ஈடுகட்டியது.

ஹவாயில் 2020 இறுதியில் படகு உரிமையாளர் சங்கமே முன்வந்து, 2021 ஜூலைக்குள் கம்பியை விட்டுவிடுவோம் என்று அறிவித்தது. அரசு விதி அதற்குப் பின்னால்தான் வந்தது: 2022 மே 31 முதல் ஆழத் தூண்டிலில் கம்பி லீடர் கூடாது. வெண்முனைச் சுறா மாட்டினால் அதன் மேல் தொங்கும் கயிறு 1 மீட்டருக்குள் இருக்கும்படி வெட்டி விடுவிக்க வேண்டும். அதே ஆண்டு இறுதியில் வியட்நாமின் தா நாங் நகரில் கூடிய ஆணையம் பழைய ‘அல்லது’வை நீக்கியது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 20 பாகைக்கும் தெற்கே 20 பாகைக்கும் இடைப்பட்ட கடலில் கம்பியும் கூடாது, சுறாக்கயிறும் கூடாது. இது 2024 ஜனவரி 1 முதல் நடப்பு.

மாற்றும் வேலை

ஒரு லீடருக்கு இரண்டு இணைப்பு: சுழலியில் ஒன்று, முள்ளின் கண்ணில் ஒன்று. 2,700 முள்ளுக்கு 5,400 இணைப்பு. ஒவ்வொன்றும் கயிற்றை மடக்கி, சிறு உலோகக் குழலுக்குள் செருகி, கைப்பிடி நசுக்கியால் அழுத்துவது. கம்பிக்குப் பழகிய கை நைலானிலும் அதே அழுத்தத்தைக் கொடுத்தால் இணைப்பு அங்கேயே பலவீனமாகும். குழலின் விளிம்பு நைலானைக் கத்திபோல வெட்டிவிடும். குழலின் இரண்டு முனையிலும் ஒரு சிறிய பகுதியை நசுக்காமல் மணிவாய்போல விரிந்தபடி விட வேண்டும். நைலானின் வெட்டு முனையை நெருப்பில் காட்டி உருண்டையாக்கிவிட்டால் குழலிலிருந்து நழுவாது. நெருப்பு கூடிப்போனால் நைலான் கருகி உதிரும், அதுவும் ஆகாது. கம்பிக்கு வாங்கிய குழலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நைலானுக்குப் போட்டால், துளை அளவு பொருந்தாமல் முதல் பெரிய சூரையிலேயே கழன்றுகொள்ளும். முள்ளின் கண்ணில் நைலான் உரசித் தேயும் இடத்துக்கு ஒரு காப்பு உறை அல்லது சுருள் போடுவது நல்லது.

அதன் பிறகு தினசரிப் பராமரிப்பு. கம்பியைப் பார்க்க வேண்டியது துருவுக்காக மட்டும். நைலானில் பல் பட்ட கீறல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், விரல் நகத்தால் தடவினால்தான் சிக்கும். கீறல் விழுந்த லீடரை மறுநாள் அப்படியே விட்டால் சுறாவுக்கு முன்னால் சூரையே அதை அறுத்துக்கொண்டு போகும். இழுத்து முடித்துக் கூடையில் சுருட்டும்போதே கடைசி ஒரு மீட்டரைக் கையில் ஓடவிட்டு, கீறல் பட்டதைத் தனியே போடும் பழக்கம் வந்த படகுகளில் இழப்பு குறைவு. நைலானைப் போட்டதால் சூரை போய்விட்டது என்ற புகாரை நம்புவதற்கு முன் இணைப்பையும் கீறலையும் பார்க்க வேண்டும்.

ஈயம் பாயும் ஆபத்துக்கு என்ன செய்தார்கள் என்பது இந்த மாற்றத்தில் இன்னும் முழுதாகத் தீராத பகுதி. வழிகள் சில உண்டு. சுழலிக்குப் பதிலாக நைலானின் மேல் நழுவி ஓடும் ஈயம் போடலாம். நைலான் அறுந்ததும் ஈயம் அந்த முனை வழியே கழன்று கடலுக்குள் போய்விடும், ஆள் மேல் வராது. ஆனால் அறுபடாமல், மீனின் வாய் கிழிந்து முள் மட்டும் விடுபட்டால், கீழே முள் தடுப்பதால் ஈயம் கழலாது. முள்ளோடு சேர்ந்தே பாயும். கம்பி இருந்த காலத்திலும் இந்த இரண்டாவது வகைப் பாய்ச்சல் இருக்கத்தான் செய்தது. ஈயத்தை முள்ளுக்கு மிக அருகே கொண்டுபோனால், அறுபடும்போது ஈயமும் சுறாவோடு போய்விடும், ஆளுக்கு நல்லது. ஒவ்வொரு அறுப்பிலும் ஓர் ஈயத்தின் விலை போகும், கடலில் ஈயம் சேரும்.

எந்த ஈயமானாலும் இழுப்பவர் கயிற்றுக்கு நேர் கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில் நிற்பது, கயிற்றைக் கையில் சுற்றாமல் இருப்பது, முகத்தை மறைக்கும் கண்ணாடி பொருந்திய தலைக்கவசம் போடுவது என்ற மூன்றும் கட்டாயம். ஹொனலுலு படகுகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம், கிரிபாட்டி நாட்டவர். பயிற்சி அவர்கள் மொழியில் இல்லாவிட்டால் கவசம் பெட்டியிலேயே கிடக்கும்.

41 என்ற எண்

வழக்கமான படகோட்டங்களின் தரவை வைத்துச் செய்யப்பட்டு 2022-ல் வெளியான ஹவாய் ஆய்வில்தான் அந்த 41 விழுக்காடு வருகிறது. சூரை வரத்தில் வேறுபாடு இல்லை என்பதும் அதே ஆய்வில். இந்த எண் ‘பிடிபட்ட’ சுறாவின் எண். அதாவது படகின் ஓரம்வரை வந்து, எண்ணப்பட்டது. நைலானைக் கடித்துக்கொண்டு போனது எந்தப் பதிவிலும் இல்லை. அது வாயில் முள்ளோடுதான் போகிறது.

வித்தியாசம் எவ்வளவு என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்கு மட்டும். 100 சுறாக்கள் இரையைக் கவ்வுகின்றன. கம்பியில் 90 படகுக்கு வருகின்றன, 10 தப்புகின்றன. படகுக்கு வருபவற்றில் 30 விழுக்காடு சாகும், தானே அறுத்துக்கொண்டு போனவற்றில் 10 விழுக்காடு சாகும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சாவு 27+1, அதாவது 28. நைலானில் 53 வருகின்றன, 47 தப்புகின்றன. சாவு சுமார் 16+5, அதாவது 21. பிடிப்பு 41 விழுக்காடு குறைந்தது, சாவு குறைந்தது கால் பங்கு. அறுத்துக்கொண்டு போன சுறாவின் பிழைப்பு விகிதத்தை மாற்றினால் விடை மாறும். எனவே ‘சுறா பிடிப்பு குறைந்தது’ என்ற செய்தியைப் படிக்கும்போது, அறுந்த லீடர்களையும் எண்ணினார்களா என்று கேட்க வேண்டும். படகில் எண்ணுவது கடினமல்ல. முள் இல்லாமல் வரும் ஒவ்வொரு கிளைக்கயிற்றுக்கும் ஒரு கோடு போட்டால் போதும். முனை மழுங்கிப் பிசிறடித்திருந்தால் பல், சுருண்டிருந்தால் இணைப்பு நழுவியது. படகில் பொருத்தும் கண்காணிப்புக் கேமராவுக்கு இது தெரியாது. பிடிப்பைப் பதிவுசெய்யப் படகில் போகும் மனிதப் பார்வையாளரும் ஆழத் தூண்டில் ஓட்டங்களில் ஐந்தில் ஒன்றில்தான் நெடுங்காலம் இருந்து வந்தார்.

அதே ஆய்வில் யாரும் எதிர்பாராத ஒன்றும் வந்தது. கயிற்றுத் துண்டுகளைக் கடல்நீரில் ஊறவைத்துப் பார்த்ததில், கம்பி லீடர் உள்ள கயிறு ஏறத்தாழ 60 நாளில் சிதையத் தொடங்கியது. நைலான் 360 நாள் கழித்தும் அப்படியே இருந்தது. கம்பி என்றால் உறுதி, நைலான் என்றால் இளசு என்ற கணக்கு இங்கே தலைகீழ். எஃகும் வேறு உலோகக் குழலும் சேர்ந்து உப்புநீரில் கிடந்தால் அரிப்பு வேகமாகும். நைலானுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. கயிற்றோடு விடப்பட்ட சுறா அதை ஓராண்டுக்கு மேலும் இழுத்துக்கொண்டு திரியும். அது செவுளில், துடுப்பில் சுற்றிக்கொள்ளும், புண்ணாகும், இரை தேடுவதைக் கெடுக்கும். ஆகவே நைலானுக்கு மாறிய படகில், வெட்டும் வேலை முன்பைவிட முக்கியமாகிறது. தொங்கும் கயிறு 1 மீட்டருக்குள் என்ற விதி கம்பித் தடையோடு ஒன்றாக வந்தது வெறும் ஒட்டு அல்ல.

வெட்டுவது எப்படி என்பதில் பெரும்பாலும் தவறு நடக்கிறது. அவசரத்தில் ஆள் செய்வது, கையில் எட்டும் இடத்தில், அதாவது கவ்விக்கு அருகே வெட்டிவிடுவது. பத்து மீட்டர் நைலானும் ஈயமும் சுறாவோடு போகும். இன்னொரு பழக்கம், கயிற்றைப் படகில் கட்டிப் படகை வேகமாக ஓட்டி, முள் கிழிந்து வரும்வரை இழுப்பது. முள் திரும்பக் கிடைக்கும். சுறா தாடை கிழிந்து, மூச்சடைத்துப் போகும். செய்ய வேண்டியது: படகின் வேகத்தைக் குறைத்து எஞ்சினைச் சும்மா ஓடவிட வேண்டும். சுறாவை நீரிலேயே வைத்தபடி பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். தூக்கக் கூடாது, கொக்கி போடக் கூடாது. முதுகுத் துடுப்பைப் பார்த்து இனத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நீண்ட கழியின் நுனியில் பொருத்திய வெட்டுக் கத்தியைக் கயிற்றின் மேல் ஓடவிட்டு முள்ளை ஒட்டி இழுத்தால் நைலான் ஒரே வெட்டில் அறும். கம்பி இருந்தபோது இதே கத்தியால் முடியாது, கனத்த கம்பி வெட்டி வேண்டும், அதைத் துள்ளும் சுறாவின் வாயருகே கொண்டுபோக யாரும் துணியமாட்டார்கள். ஆகவே கம்பிக்கு மேலேதான் வெட்டுவார்கள். கம்பியும் ஈயமும் எப்போதும் சுறாவோடு போனதன் காரணம் இது.

இன்னும் இரண்டு மூன்று வழிகள்

மிதவைக்கு அருகில் உள்ள மேல்முட்களை நீக்குவது இன்னொரு வழி. வெண்முனைச் சுறாவும் சில்க்கி சுறாவும் இருப்பது மேல் அடுக்கில், பெருங்கண் சூரை பகலில் இருப்பது கீழே. 100 மீட்டருக்கு மேல் முள்ளே இல்லாதபடி தாய்க்கயிற்றை எடை கட்டி இறக்கி ஹவாயில் சோதித்தார்கள். பெருங்கண் சூரை குறையவில்லை. ஆனால் மேல்முட்களில் விழும் மாஹி மாஹி போன்ற மீன்களும் போயின, அவை சந்தையில் காசு. இந்த யோசனை நடைமுறைக்குத் தயங்குவது அதனால்தான். என் கணிப்பில், சுறாவுக்கு இது லீடர் மாற்றத்தைவிட நல்ல வழி. மாட்டவே மாட்டாத சுறாவுக்கு வாயில் முள்ளும் இல்லை, தொங்கும் கயிறும் இல்லை.

வட்ட முள்ளின் பங்கு கொஞ்சம் சிக்கலானது. பழைய ஜே வடிவ முள் தொண்டைக்குள் போகும், அப்போது லீடர் பற்களின் மேல் கிடக்கும், எளிதில் அறுபடும். வட்ட முள் வாயோரத்தில் மாட்டும், உள்ளுறுப்பைக் கிழிக்காது. அதே காரணத்தால் லீடர் பல்லுக்கு வெளியே நிற்கிறது, அறுபடுவது குறைகிறது. ஆக, விடுவித்தால் சுறா பிழைக்கும், ஆனால் தானே அறுத்துக்கொண்டு தப்புவது குறையும். இரையும் கணக்கில் வரும். ஹவாயின் வாள்மீன் படகுகளில் 2004-ல் ஆமைகளுக்காக ஜே முள்ளும் கணவாய் இரையும் போய், 18/0 அளவு வட்ட முள்ளும் மீன் இரையும் வந்தபோது, சுறாப் பிடிப்பும் கூடவே 36 விழுக்காடு குறைந்தது. கணவாய் முள்ளில் ரப்பர்போல ஒட்டிக்கொள்ளும், சுறா முழுதாக விழுங்கும்.

மின்சாரம் ஒரு தனிப் பாதை. சுறா, திருக்கை இவற்றின் மூக்கைச் சுற்றி, நீரில் பரவும் மிக மெல்லிய மின்னோட்டத்தை உணரும் துளைகள் உண்டு. சூரைக்கு அவை இல்லை. முள்ளுக்கு அருகே துடிக்கும் மின்புலத்தை உண்டாக்கும் சிறு கருவியைப் பிரான்சின் தெற்குக் கரையில் 2021 கோடையில் நீலத்துடுப்புச் சூரைத் தூண்டில்களில் சோதித்தார்கள். 11 ஓட்டம், 18,000-க்கு மேற்பட்ட முட்கள். நீலச்சுறா 1,000 முள்ளுக்கு 6.1-லிருந்து 0.5-க்கு, அதாவது 91 விழுக்காடு இறங்கியது. கடல் திருக்கை 71 விழுக்காடு. எண்கள் நன்றாக இருக்கின்றன. சூரைப் பிடிப்பும் அந்தச் சோதனையில் இறங்கியது, ஆனால் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அல்ல. 2,700 முள்ளுக்கு 2,700 கருவி, ஒவ்வொன்றுக்கும் மின்கலம், ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் மின்னேற்றம் என்று படகில் யோசித்தால் பாதை நீளம். காந்தமும் அரிய மண் உலோகமும் இதற்கு முன்பே முயன்று பார்த்தவை. சில இடங்களில் குட்டிக் கொம்பன் சுறாவிடம் பலித்தது, நடுக்கடல் நீலச்சுறாவிடம் பலிக்கவில்லை. உலோகம் உப்புநீரில் கரைந்தும் போகும்.

நம் கடல்

ஹொனலுலுவில் இந்த மாற்றம் அடுத்தடுத்துச் சாத்தியமானதற்குப் பின்னால், சுறாவுக்கு அங்கே விலையில்லை என்பது இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களிலிருந்து கொச்சி வழியாக ஆழ்கடலுக்குப் போகும் தூண்டில் படகுகளை எடுத்துக்கொண்டால், சுறா அவர்களுக்கு விபத்தல்ல, தொழில். இறைச்சிக்கும் விலை உண்டு, கருவாட்டுக்கும் விலை உண்டு. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கும் நாடு இது. அங்கே போய்க் கம்பியை எடு என்றால், சம்பளத்தை எடு என்று காதில் விழும். இந்தியாவில் 2001-ல் அம்மணி உழுவை எனப்படும் திமிங்கலச் சுறாவோடு சில சுறா, திருக்கை, வேளா (ரம்பம்போன்ற மூக்குள்ள மீன்) இனங்கள் வனவிலங்குச் சட்டத்துக்குள் வந்தன. 2013-ல் பீலியை உடலோடுதான் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கொள்கை வந்தது, 2015-ல் பீலி ஏற்றுமதி தடையானது. இவை எல்லாம் கரையில் நடப்பவை. தூண்டிலின் அமைப்பைத் தொடுபவை அல்ல.

இலங்கையின் பலநாட்கலங்கள் நடுவில் நிற்கின்றன. அங்கே நீள்வால் சுறாவை 2012 முதலும், பெருங்கடல் வெண்முனைச் சுறாவை 2015 முதலும் கரைக்குக் கொண்டுவரத் தடை உண்டு. அந்தக் கலத்தில் சூரைக்கு விட்ட தூண்டிலில் இவை மாட்டினால் கடலிலேயே விட்டாக வேண்டும். காசு தராத, ஆனால் கையை வாங்கக்கூடிய மீனாகிவிட்ட அந்த இரண்டு இனங்களுக்கு நைலான் லீடரும் கழியில் கட்டிய கத்தியும் நாளைக்கே பொருந்தும். கத்திக்குப் பெரிய செலவும் இல்லை. இரண்டு மீட்டர் கழி, நுனியில் உட்புறம் கூர் தீட்டிய வளைந்த அலகு, அலகின் வெளி முதுகு மழுங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கயிற்றைத் தேடும்போது சுறாவின் செவுளில் பட்டுவிடும். அலகைக் கழற்றி மாட்டும்படி இரண்டு திருகாணி போட்டுக்கொண்டால், நைலானில் மழுங்கும்போது படகிலேயே மாற்றிக்கொள்ளலாம்.